பழைய மோட்டார் வண்டியில் குளிரும் வெப்பமும் குன்றுவது ஏன்?

மே மாதத்து நண்பகலில் அம்பாலா நகரில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற மோட்டார் வண்டியின் கதவைத் திறப்பவரை அனற்காற்று எதிர்கொள்ளும். அதே வண்டி சனவரி மாதத்தில் கால்காவைக் கடந்து சிம்லா மலைப்பாதையில் ஏறுங்கால், உள்ளே அமர்ந்திருப்போரின் மூச்சிலுள்ள ஈரம் முன்கண்ணாடியில் படிந்து வழியை மறைக்கும். புதிய வண்டியில் ஒரு குமிழைத் திருகினால் இவ்விரு தொல்லைகளும் சில நிமிடங்களில் நீங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த வண்டியிலோ, குமிழைக் கடைசி வரையில் திருகினாலும் கோடையில் அரைகுறைக் குளிரும், குளிர்காலத்தில் பெயரளவு வெதுவெதுப்புமே கிட்டுகின்றன.

அவ்வேளையில் ஓட்டுநர் கூறும் காரணம் நாடெங்கும் ஒன்றே: ‘கேஸ் குறைந்துவிட்டது.’ வண்டி பட்டறைக்குச் செல்கிறது. கேஸ் அடைக்கப்படுகிறது. சில வாரங்கள் குளிர்கிறது. சில வேளைகளில் அதுவும் இல்லை. அடுத்த கோடையில் அதே செலவு மீண்டும் அலுவலகக் கணக்கில் ஏறுகிறது. வண்டியின் ஹீட்டரும் சென்ற குளிர்காலத்தில் சரிவர வேலை செய்யவில்லை என்பதை எவரும் அப்போது நினைவுகூர்வதில்லை. உண்மையில், குற்றம் எங்கே உள்ளது என்பதற்குரிய மிகச் சிறந்த தடயம் அதுவேயாகும். வண்டியைப் பயன்படுத்தும் வெளிக்கள ஊழியருக்கு இத்தடயம் பணத்தை மிச்சப்படுத்தும். வெப்பவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கோ பாடப்புத்தகத்தின் பல பக்கங்களை ஒரே பொருளில் காட்ட உதவும்.

ஒரு பெட்டி, இரு சுருள்கள்

வண்டியின் டாஷ்போர்டுக்குப் பின்னால், பயணிகளின் கண்ணுக்குப் புலப்படாதவாறு ஒரு பிளாஸ்டிக் பெட்டி அமைந்துள்ளது. அதன் வாயிலில் ஒரு சிறு கதவு உண்டு. அக்கதவு ஒரு நிலையில் வெளிக்காற்றையும், மறு நிலையில் வண்டிக்குள் உள்ள காற்றையுமே பெட்டிக்குள் விடும். ப்ளோயர் எனப்படும் மின்விசிறி அக்காற்றை உள்ளே தள்ளுகிறது. காற்று முதலில் குளிர்ச்சுருளை, அதாவது பட்டறைக்காரர் ‘கூலிங் காயில்’ என வழங்கும் உறுப்பை, ஊடுருவிச் செல்கிறது. அதன் பின்னர் வெப்பச்சுருள் உள்ளது. இது எஞ்சினின் சூடான நீர் ஓடும் ஒரு சிறிய ரேடியேட்டரே. இரு சுருள்களுக்கும் இடையில் மற்றொரு கதவு உண்டு. குளிர் வேண்டுமாயின் அது காற்றை வெப்பச்சுருளின் பக்கம் அணுகவிடாமல் ஒதுக்கும். வெப்பம் வேண்டுமாயின் அதனூடே செலுத்தும். பின்னர்க் காற்று முகத்திற்கோ, காலடிக்கோ, முன்கண்ணாடிக்கோ செல்லும் குழல்களில் பிரிகிறது.

குளிரைத் தருவது கம்ப்ரெசரால் இயங்கும் ஒரு மூடிய சுற்று. வெப்பத்தைத் தருவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சுற்று. இவ்விரு சுற்றுகளுக்கும் ஒன்றோடொன்று உறவில்லை. அவை சந்திக்கும் இடம் மேற்கூறிய பெட்டி ஒன்றே. ஆகவே குளிர், வெப்பம் ஆகிய இரண்டும் ஒருங்கே குன்றியிருப்பின், இரு சுற்றுகளும் ஒரே காலத்தில் கெட்டன என்று கொள்வதைவிட, இரண்டுக்கும் பொதுவான காற்றுப் பாதை கெட்டது என்று கொள்வதே பொருத்தமாகும். குளிர் மட்டும் குன்றி வெப்பம் நன்றாக இருப்பின் கம்ப்ரெசர்ச் சுற்றை நோக்குக. வெப்பம் மட்டும் குன்றியிருப்பின் நீர்ச்சுற்றை நோக்குக. ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. இதற்குச் செலவு ஏதுமில்லை.

காற்றுக் குறைவா, குளிர்க் குறைவா?

‘குளிரவில்லை’ என்னும் சொல் இரு வேறு நிலைகளைக் குறிக்கும். காற்று நன்கு குளிர்ந்திருந்தும் அளவில் குறைவாக வரலாம். அல்லது காற்று ஏராளமாக வந்தும் குளிராமல் இருக்கலாம். வண்டியில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் பழுது வேறு வேறு.

இதனைப் பிரித்தறிய ஒரு செய்தித்தாள் துண்டும் ஒரு வெப்பமானியும் போதும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி வெப்பமானியை வண்டிக்குள் எடுத்துச் செல்வது நன்றன்று; உலோக முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி எளிதிற் கிடைக்கும். தாள் துண்டை நடுக் காற்றுவாயின் முன் பிடித்து, ப்ளோயரை ஒவ்வொரு வேகத்திலும் ஓடவிடுக. வேகம் கூடக் கூடத் தாள் மேலும் மேலும் விறைத்துப் பறக்கவேண்டும். ப்ளோயரின் ஓசை கூடியும் தாள் சற்றே அசைவதாயின் காற்றுப்பாதையில் அடைப்பு உண்டு. ஓசையே கூடவில்லையாயின் குறை விசிறியில் உள்ளது. கடைசி வேகத்தில் மட்டும் விசிறி ஓடி, ஏனைய வேகங்களில் ஓடாமல் நின்றால், வேகத்தைக் குறைப்பதற்கென மின்சுற்றில் சேர்க்கப்பட்டுள்ள மின்தடைக் கம்பி எரிந்துபோயிற்று என்பது ஏறத்தாழ உறுதி. கடைசி வேகத்தில் மின்னோட்டம் அத்தடையைத் தவிர்த்து நேரே செல்வதால் அவ்வேகம் மட்டும் பிழைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணாக்கரும் ஓமின் விதியைக் கொண்டு இதனை ஊகித்துவிடலாம். மலிவான இவ்வுறுப்புக்காக விசிறி முழுவதையும் மாற்றிவிடும் பட்டறைகளும் உண்டு.

அடைப்பு எனில் அது எங்கே? காற்று வடிகட்டி உள்ள வண்டிகளில் முதலில் அதனைக் கழற்றி ஒளியை நோக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் கையுறைப் பெட்டியின் பின்புறம் அது இருக்கும். பழைய சிறு வண்டிகள் பலவற்றில் வடிகட்டியே இல்லை. அவ்வண்டிகளில் வடிகட்டியின் தொழிலைக் குளிர்ச்சுருளே செய்ய நேர்கிறது. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் மிக நெருக்கமானவை. குளிர்ந்த தகட்டின் மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது. அந்த ஈரத்தில் தூசி ஒட்டுகிறது. நூலிழை, தலைமயிர், முன்கண்ணாடியின் அடியில் விழுந்து உள்ளே புகுந்த இலைச்சருகு ஆகியன அதன்மேல் சேர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருளின் முகத்தில் கம்பளித் துணி போன்ற ஒரு படலம் உருவாகிவிடும். காற்று இச்சுருளைக் கடந்தே வெப்பச்சுருளை அடையவேண்டும் என்பதை முன்னர்க் கண்டோம். ஆகவே கோடையில் குளிரைக் குறைத்த அதே படலம் குளிர்காலத்தில் ஹீட்டரையும் வலிவிழக்கச் செய்கிறது. இந்நிலையில் எத்தனை முறை கேஸ் அடைத்தாலும் பயனில்லை.

இதற்கு உறவான மற்றொரு குறையும் உண்டு. வண்டி புறப்பட்ட அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பின்னர்க் காற்று மெல்லமெல்லக் குறைந்து, ஏறக்குறைய நின்றேவிடும். ஏர் கண்டிஷனரை நிறுத்திக் கால்மணி நேரம் கழித்துப் போட்டால் மீண்டும் பழைய வேகம் வரும். சுருளில் படிந்த நீர் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்தமையே இதன் காரணம். சுருளின் உஷ்ணநிலை நீரின் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரெசரை நிறுத்தவேண்டிய உணர்கருவி பழுதாயிருக்கலாம். அல்லது தூசியால் போதிய காற்று படாமையால் சுருள் மிகையாகக் குளிர்ந்திருக்கலாம். வண்டியின் அடியில் சொட்டவேண்டிய நீர் சொட்டாமல் பயணியின் காலடி விரிப்பை நனைக்குமாயின், வடிகுழாய் சேற்றால் அடைபட்டிருக்கிறது என்க. இதனை ஒரு மெல்லிய கம்பியைக் கொண்டே திறந்துவிடலாம்.

குளிர்ச்சி பிறக்கும் முறை

காற்று நிறைய வந்தும் குளிரவில்லையாயின் கம்ப்ரெசர்ச் சுற்றை ஆராயவேண்டும். அதற்கு அதன் தத்துவத்தை அறிந்திருத்தல் நலம்.

கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவினால் அது ஆவியாகும்போது கை குளிர்கிறது. ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை அது கையிலிருந்து பெறுகிறது. வண்டியில் ஸ்பிரிட்டின் இடத்தில் ஆர்-134ஏ என்னும் பொருள் பயன்படுகிறது. சாதாரண வாயுமண்டல அமுக்கத்தில் இதன் கொதிநிலை சுழியத்துக்கு 26 டிகிரி கீழ். அமுக்கம் கூடினால் கொதிநிலையும் உயரும். மூன்று வாயுமண்டல அமுக்கத்தில் இது ஏறத்தாழ 0 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். பதின்மூன்று வாயுமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 50 டிகிரியில் கொதிக்கும். பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியைத் தாண்டியே கொதிப்பதும் இவ்விதியின்படியே.

இவ்வுண்மை ஒன்றைக் கொண்டே முழு இயந்திரமும் இயங்குகிறது. குளிர்ச்சுருளில் அமுக்கம் குறைவு. ஆதலால் திரவம் அங்கே தாழ்ந்த உஷ்ணநிலையில் கொதித்து, வண்டிக்குள் உள்ள காற்றின் வெப்பத்தைப் பெற்று ஆவியாகிறது. கம்ப்ரெசர் அந்த ஆவியை அமுக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. அமுக்கம் மிகுந்தமையால் அது அங்கே 50, 60 டிகிரியிலேயே திரவமாக மாறக்கூடியது. 42 டிகிரி வெயிற்காற்றுங்கூட அதற்குக் குளிர்ந்த காற்றேயாகும். உள்ளே பெற்ற வெப்பத்தை வெளியே கொடுத்துத் திரவமாகிய அது, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே மீண்டும் குளிர்ச்சுருளை அடைகிறது.

கண்டென்சர் தன் வெப்பத்தை வெளியேற்றினாலன்றிக் குளிர்ச்சுருள் குளிராது. பழைய வண்டிகளில் இதனை மறப்போர் பலர். கண்டென்சர்த் தகடுகளில் சேறும் பூச்சிகளும் அடைந்திருந்தாலோ, கற்கள் பட்டுத் தகடுகள் மடிந்திருந்தாலோ, அதன் விசிறி தளர்ந்திருந்தாலோ ஒரு தெளிவான அறிகுறி தோன்றும்: நெடுஞ்சாலையில் விரைந்து ஓடுகையில் நன்றாகக் குளிரும், போக்குவரத்து விளக்கில் நின்றால் குளிர் மறையும். ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுவதே இதன் காரணம். இவ்வறிகுறியுள்ள வண்டிக்குக் கேஸ் அடைப்பதற்கு முன், கண்டென்சரை மிதமான வேகத்தில் பாயும் நீரால் கழுவி, விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பது முறை. வேகமான நீர்ப்பீச்சு மென்தகடுகளை மடக்கிவிடும்.

கம்ப்ரெசரின் முகப்பில் ஒரு காந்தக் கிளட்ச் உண்டு. பொத்தானை அழுத்தியவுடன் ‘டக்’ என்ற ஓசையுடன் அது பற்றவேண்டும். முகப்புத் தட்டு சுழலவேண்டும். பற்றவில்லையாயின் ஃப்யூஸ், ரிலே, கம்பி இணைப்பு, கிளட்சின் இடைவெளி தேய்ந்து அகன்றமை என வரிசையாகப் பார்க்கவேண்டும். கேஸ் மிகவும் குறைந்தாலும் ஒரு காப்பு ஸ்விட்ச் கிளட்சைப் பற்றவிடாது. எஞ்சின் சூடேறியபின் மட்டும் கிளட்ச் விட்டுவிடுவதாயின் அகன்ற இடைவெளியை முதலில் ஐயுறுக.

அமுக்கமானி கூறாத செய்தி

பட்டறைகளில் அடிக்கடி நிகழும் பிழை ஒன்றைச் சற்று விரிவாக நோக்கவேண்டும். எஞ்சினை நிறுத்திவைத்து, அமுக்கமானியை மாட்டி, முள் நிற்கும் இடத்தைக் கண்டு ‘கேஸ் நிறைய இருக்கிறது’ என்றோ ‘பாதிதான் இருக்கிறது’ என்றோ கூறுவதே அப்பிழை.

மூடிய கலத்தில் ஒரு திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும்போது, அவற்றின் அமுக்கம் உஷ்ணநிலையை மட்டுமே பொறுத்தது; திரவத்தின் அளவைப் பொறுத்ததன்று. ஆர்-134ஏ 30 டிகிரியில் இருந்தால் அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 பவுண்டைக் காட்டும். 40 டிகிரியில் ஏறத்தாழ 133 பவுண்டைக் காட்டும். சுற்றில் 500 கிராம் இருந்தாலும் 250 கிராம் இருந்தாலும், திரவம் சிறிதேனும் எஞ்சியிருக்கும் வரையில், இவ்வெண்கள் மாறா. ஆகவே நிறுத்திய வண்டியில் மானி காட்டுவது பெரும்பாலும் அன்றைய வெயிலையே. சமையல் கேஸ் சிலிண்டர் தீரும் நாளுக்கு முந்திய நாள் வரையில் அடுப்பு ஏறத்தாழ ஒரே சீராக எரிவதை இல்லத்தரசியர் அறிவர். எடைபோட்டாலன்றிச் சிலிண்டரில் உள்ள அளவு தெரியாது. ஒளி ஊடுருவும் சிகரெட் லைட்டரை வகுப்பில் காட்டினால், திரவம் பாதியாயிருக்கும்போதும் சுடர் குன்றாமையை மாணாக்கர் நேரே காண்பர்.

எஞ்சின் ஓடும்போது காணும் அளவுகள் பயனுள்ளவையே. வெயிற்காலத்தில் தாழ்பக்கத்தில் ஏறத்தாழ 30 பவுண்டும், உயர்பக்கத்தில் 200 முதல் 250 பவுண்டும் பொதுவாகக் காணப்படும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு எனலாம். இரண்டும் மிக உயர்ந்திருந்தால் கண்டென்சர் அடைப்போ, மிகையான கேஸோ, சுற்றினுள் புகுந்த காற்றோ காரணம். தாழ்பக்கம் உயர்ந்தும் உயர்பக்கம் தாழ்ந்தும் இருப்பின் கம்ப்ரெசரின் உள்ளுறுப்புகள் தேய்ந்தன என ஐயுறலாம். இத்தனையும் கண்டபின்னும், சரியான அளவில் நிரப்புவதற்கு ஒரே வழி, சுற்றில் உள்ளதைக் கருவியால் மீட்டெடுத்து, வெற்றிடமாக்கி, வண்டியின் பானெட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டுள்ள சீட்டில் குறித்த எடையைத் தராசில் நிறுத்து அடைப்பதே. மிகையாக அடைத்தாலும் குளிர் குறையும் என்பதைப் பலர் நம்ப மறுக்கின்றனர். மிகைத் திரவம் கண்டென்சரின் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆவி குளிர்ந்து திரவமாவதற்குரிய பரப்புச் சுருங்கிவிடுகிறது.

வெற்றிடமாக்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. சுற்றினுள் ஈரம் இருத்தலாகாது; எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் அது உறைந்து நின்றுவிடும். நீர் 30 டிகிரியில் கொதிக்கவேண்டுமாயின் அமுக்கத்தைப் பாதரசமானியில் 32 மில்லிமீட்டருக்குக் கீழ்க் கொணரவேண்டும். பம்பை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்திவிடுவது இதற்குப் போதாது. அரைமணி நேரமேனும் ஓட்டி, பின்னர் முள் ஏறுகிறதா என்று காத்திருந்து பார்க்கவேண்டும். ஏறினால் எங்கோ கசிவுண்டு.

மூடிய சுற்றில் கேஸ் செலவாவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அது பெட்ரோலைப் போன்றதன்று. பழைய ரப்பர்க் குழாய்களின் வழியே ஆண்டுக்குச் சிறிதளவு கசிவது உண்மையே. ஆனால் ஒவ்வோராண்டும் நிரப்பவேண்டியிருப்பின் இணைப்புகளிலோ, கம்ப்ரெசரின் தண்டு முத்திரையிலோ, தேய்ந்த குழாயிலோ துளை உள்ளது. கேஸுடன் உயவு எண்ணெயும் சேர்ந்து வெளிப்படுவதால், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டிய இடமே பெரும்பாலும் கசியும் இடம். அங்கே சோப்பு நுரையைத் தடவினால் குமிழிகள் எழலாம். குளிர்காலம் முழுதும் ஏர் கண்டிஷனரைப் போடாதிருந்தால் தண்டு முத்திரை உலர்ந்து கசியத் தொடங்கும். வாரத்துக்குச் சில நிமிடங்கள் ஓட்டுதல் நன்று.

ஈரக்காற்றின் சுமை

தில்லியில் நன்றாகக் குளிர்ந்த வண்டி கொல்கத்தாவுக்கு மாற்றலாகிச் சென்றபின் குளிரவில்லை என்ற முறையீடு எழுவதுண்டு. வெப்பமானியின்படி கொல்கத்தாவில் வெயில் குறைவே. ஆயினும் முறையீடு பொய்யன்று.

42 டிகிரி உஷ்ணமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கிலோகிராம் காற்றை 10 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 33 கிலோஜூல் வெப்பத்தை நீக்கவேண்டும். 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றாயின் அதே வேலைக்கு ஏறத்தாழ 66 கிலோஜூல் நீக்கவேண்டும். எட்டு டிகிரி தாழ்ந்த காற்றுக்குச் சுமை இரு மடங்கு! மிகுதியான வெப்பம் அனைத்தும் நீராவியை நீராக மாற்றுவதற்கே செலவாகிறது. அந்நீரே வண்டியின் அடியில் ஒழுகுவது. ஆகவே கடலோரத்தில் மழைக்காலத்தில் காற்றுவாயில் சில டிகிரி கூடுதலாக இருப்பதைப் பழுது எனக் கருதலாகாது. வெளிக்காற்றுக் கதவை மூடி, ஒருமுறை உலர்ந்த உட்காற்றையே மீண்டும் சுழலவிட்டால் குறை பெரிதும் நீங்கும். அக்கதவு ஒட்டாமல் திறந்தே நின்றுவிட்ட பழைய வண்டிகள் பல. வெயிலில் நின்ற வண்டியில் மட்டும் முதல் இரண்டு நிமிடங்கள் கண்ணாடிகளை இறக்கி அனலை வெளியேற்றிய பின் கதவை மூடவேண்டும்.

ஹீட்டர் குன்றுதல்

வெப்பத்தை உண்டாக்கத் தனி இயந்திரம் எதுவுமில்லை. எரிபொருளின் ஆற்றலில் ஒரு பகுதியே சக்கரங்களைச் சேர்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறுகிறது. வீணாகும் அவ்வெப்பத்தில் ஒரு சிறு பங்கே ஹீட்டருக்கு வருகிறது. எனவே எஞ்சின் சூடேறாவிடில் ஹீட்டரும் சூடேறாது.

எஞ்சினின் நீர் சுமார் 82 முதல் 88 டிகிரியை அடையும் வரையில் ரேடியேட்டருக்குச் செல்லாதவாறு தெர்மோஸ்டாட் என்னும் வால்வு தடுக்கிறது. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், மலைக்குளிரில் நீர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். வெப்பமானியின் முள் பாதிக்குக் கீழேயே தங்கும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். சமவெளியில் சூடேறும் தொல்லைக்கு அஞ்சித் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அவ்வண்டி மலைக்குச் செல்லும்போது ஹீட்டர் இல்லாத வண்டியாகிவிடுகிறது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது.

முள் சரியான இடத்தில் நின்றும் காற்று சூடாகவில்லையாயின், எஞ்சினிலிருந்து வெப்பச்சுருளுக்குச் செல்லும் இரு ரப்பர்க் குழாய்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும். முதலில் எஞ்சினை நிறுத்துதல் அவசியம். குழாய் தோலைச் சுடக்கூடுமாதலால் துணியின் மேலிருந்தே தொடுக. இரண்டும் சூடாயின் நீர் ஓடுகிறது. கலப்புக் கதவோ, அதன் கம்பியோ சிக்கியிருக்கும். ஒன்று சூடும் மற்றொன்று குளிர்ச்சியுமாயின் வெப்பச்சுருளில் துருவும் சுண்ணமும் அடைத்திருக்கும், அல்லது வழியிலுள்ள வால்வு திறக்கவில்லை. கிணற்று நீரையே பல ஆண்டுகள் ஊற்றிய வண்டிகளில் இந்த அடைப்பு இயல்பு. இரண்டுமே குளிர்ச்சியாயின் நீர் குறைந்துள்ளது, அல்லது காற்றுக்குமிழி சிக்கியுள்ளது.

நீர்க் குறைவை இலேசாகக் கருதுவது பெரும் இழப்பில் முடியும். பல வண்டிகளில் வெப்பச்சுருள் நீர்ச்சுற்றின் உயர்ந்த இடங்களில் ஒன்றாதலால், நீர் குறையும்போது முதலில் வறள்வது அதுவே. ஹீட்டர் திடீரெனக் குளிர்ந்த காற்றை வீசுவது எஞ்சின் எரியப்போவதன் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அப்போது முள்ளை நம்புவதும் தகாது. உணர்கருவியின் முனை நீரில் மூழ்காமல் காற்றில் நின்றால் அது தாழ்ந்தே காட்டக்கூடும். வண்டியை நிறுத்திக் குளிரவிட்டு நீரைப் பார்ப்பதே அறிவுடைமை. சூடான ரேடியேட்டர் மூடியை ஒருகாலும் திறத்தலாகாது. சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவில் திறந்த பாத்திரத்தில் நீர் 93 டிகிரியளவிலேயே கொதித்துவிடும். அமுக்கமூடி இறுக்கமாயிருப்பதாலேயே ரேடியேட்டரில் அது 110 டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருக்கிறது. மூடியை நீக்கிய கணத்தில் அமுக்கம் வீழ்ந்து, நீர் முழுதும் கொதித்து முகத்தில் பாயும்.

வண்டிக்குள் இனிப்பான மணமும், கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் போன்ற படலமும் தோன்றினால் வெப்பச்சுருளே கசிகிறது. கூலன்டில் உள்ள எதிலீன் கிளைக்கால் நஞ்சு. அதன் இனிப்புச் சுவையால் நாய்களும் குழந்தைகளும் கவரப்படுவதுண்டு. சிந்தியதை உடனே கழுவவேண்டும்.

கலப்புக் கதவைப் பற்றி இன்னொன்று. அது முற்றிலும் மூடாத வண்டியில் கோடையிலும் சூடான காற்று குளிர்காற்றோடு கலந்துகொண்டே இருக்கும். வெப்பச்சுருளுக்குச் செல்லும் குழாயை அதற்குரிய இடுக்கியால் சிறிது நேரம் நெருக்கிப் பார்த்து, காற்றுவாயில் உஷ்ணம் சட்டென்று இறங்குமாயின் குற்றவாளி ஏர் கண்டிஷனர் அன்று, ஹீட்டரே.

முன்கண்ணாடியில் மூச்சு படிந்து மறைக்கும்போது ஹீட்டரோடு ஏர் கண்டிஷனரையும் போடவேண்டும் என்றால் பலர் வியப்பர். குளிர்ச்சுருள் காற்றின் ஈரத்தை நீராகப் பிரித்து உலர்த்துகிறது. வெப்பச்சுருள் அவ்வுலர்ந்த காற்றைச் சூடாக்குகிறது. சூடான உலர்காற்று கண்ணாடியின் ஈரத்தை விரைவில் உண்டுவிடும். இவ்வேளையில் வெளிக்காற்றுக் கதவு திறந்திருக்கவேண்டும். மூடினால் மூச்சின் ஈரமே மீண்டும் மீண்டும் சுழலும். உறைநிலைக்குச் சமீபமான குளிரில் கம்ப்ரெசர் தானாகவே நின்றுவிடும். அப்போது ஹீட்டரையும் வெளிக்காற்றையும் மட்டுமே நம்பவேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரில் குளிர்காய்வது உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

வெளியே விடப்படும் கேஸ்

முன்னாளில் வண்டிகளில் ஆர்-12 என்னும் பொருள் பயன்பட்டது. அதிலுள்ள குளோரின் வானின் ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெளிவானமையால் 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயின் பூமியின் வெப்பத்தைத் தேக்கிவைப்பதில் அது, நூறாண்டுக் கணக்கில், சம எடையுள்ள கரியமில வாயுவைப் போல் சுமார் 1,300 மடங்கு வலிமையுடையது. அரைக் கிலோகிராமைக் காற்றில் திறந்துவிடுவது ஏறத்தாழ 280 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பாகும். இத்தகைய பொருள்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கு 2016-இல் கிகாலி நகரில் செய்யப்பட்ட திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. ஆகவே பழைய கேஸை ‘ஸ்’ என்று வெளியே விட்டுவிட்டுப் புதியதை அடைக்கும் பட்டறையைவிட, மீட்கும் கருவி வைத்திருக்கும் பட்டறையை நாடுதல் தகும். ஆர்-134ஏ-வுக்குப் பதிலாகச் சமையல் கேஸ் போன்ற எரியும் வாயுவை மலிவு கருதி அடைக்க இசைதல் கூடாது. கசிந்தால் அது பயணிகள் அமரும் இடத்திலேயே தேங்கும். ஆர்-134ஏ-வும் தோலில் பட்டால் உறைபுண் உண்டாக்கும். நெருப்பில் பட்டால் நச்சு வாயுக்களாகச் சிதையும். கசிவைத் தேடுகையில் பீடி, சிகரெட் அருகில் ஆகா.

எடுத்துக்காட்டாக, தொடக்கத்தில் கூறிய அம்பாலா வண்டியைக் கொள்க. கோடையில் குளிர் குறைவு. குளிர்காலத்தில் வெப்பமும் குறைவு. ப்ளோயர் நான்கு வேகங்களிலும் உரத்து ஒலிக்கிறது; தாள் சற்றே அசைகிறது. மெலிந்து வரும் அக்காற்றில் வெப்பமானி 9 டிகிரியைக் காட்டுகிறது. 9 டிகிரிக் காற்றைத் தரும் சுற்றில் கேஸ் குறையில்லை. ஆகவே பெட்டியைத் திறந்து சுருளின் முகத்தைக் காண்பதே எஞ்சிய வேலை. கேஸ் சுற்றை அவிழ்க்காமலே ப்ளோயரைக் கழற்றி அத்துவாரத்தின் வழியே சுருளை ஓரளவு துலக்குதல் பல வண்டிகளில் இயலும். மென்தூரிகையால் படலத்தைச் சுரண்டியெடுத்து, அலுமினியத்தை அரிக்காத சோப்பு நீரைத் தெளித்து, வடிகுழாயின் வழியே கறுப்பு நீர் ஒழுகி நின்று தெளிந்த நீர் வரும் வரையில் கழுவவேண்டும். பின்னர்த் தாள் துண்டை மறுபடியும் காற்றுவாயில் பிடித்துப் பார்க்கவேண்டும்.